உன்னிடம் படித்த நாற்பது குணச்சொற்கள்

மகளே,

இந்த உறையின் வாயைப் பசை போட்டு ஒட்டி, அதற்கு மேல் நாடா ஒட்டி, நாடாவின் மேல் குறுக்காக என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். கையெழுத்து குலைந்திருந்தால் உன் அம்மா இடையில் திறந்து பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம். குலையாமல் இருந்தாலும் அவள் பார்க்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முப்பது வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு, எனக்குத் தெரியாமல் ஒன்றைத் திறந்து மூடத் தெரியாமலா இருக்கும்? வியாழக்கிழமை நீ லண்டனுக்கு ஏறும்போது இதை உன் பெட்டிக்குள் வைக்கும்படி அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன். தபாலை நான் நம்புவதில்லை. நேரே உன் கையில் தரலாம் என்றால், நீ இப்போது என் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை.

ஏழு வாரமாகிவிட்டது. நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டின் இந்த மூன்றறை வீட்டில், நான் இரண்டு அடி தள்ளி நிற்கும்போதே, "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ" என்று நீ அம்மாவிடம் சொல்கிறாய். அவளும் என் பக்கம் திரும்பி அதையே இன்னொரு முறை சொல்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அறைக் கதவுக்குப் பின்னால் நின்று நீங்கள் இருவரும் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள், மறுக்கமாட்டேன். "கலியாணத்தண்டு பெரியப்பா என்ரை கையைப் பிடிச்சுக் குடுக்கட்டும் அம்மா. அவர் லண்டனிலைதானே இருக்கிறார்" என்றாய். அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்கிற அந்த ஒரு நிமிடத்துக்காக ஒரு தகப்பன் எத்தனை வருடம் காத்திருக்கிறான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ சொன்னதில் பிழை இருந்ததென்று சொல்லமாட்டேன்.

உன் மனத்தை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. நான் செய்த காரியத்தில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியையும் தெரிந்துகொண்டு நீ என்னோடு கோபமாக இருந்தால் அது முறையான கோபமாக இருக்கும். அதற்கு உனக்குப் பத்து வயதாக இருந்த காலத்துக்குப் போக வேண்டும்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் பெரிய சட்டியொன்றைத் தூக்கும்போது என் முதுகு பிடித்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். இரண்டு மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தேன். அரசாங்க உதவிப்பண அலுவலகத்தில் ஒரு ஷேமா நிரப்பக் கூப்பிட்டார்கள். படிவம் என்ற சொல்லை நாங்கள் இந்த நாட்டில் இறங்கிய கிழமையே மறந்துவிட்டோம்; ஷேமாதான், வீட்டிலும் ஷேமாதான். மொழிபெயர்க்க உன்னைப் பள்ளிக்கூடத்தில் மறித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கால் நிலத்தில் முட்டாத கதிரையில் இருந்துகொண்டு நீ ஒவ்வொரு வரியாக எனக்குச் சொன்னாய். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். பின்பக்கத்தையும் வாசி என்றேன். அடியில் இருக்கிற சின்ன எழுத்தையும் வாசி என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர் பேனையை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்து ஒரு வசனம் சொன்னார். அதில் "மிஸ்தென்க்சொம்" என்றொரு சொல் இருந்தது. நான் "என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்கள் சரியான கவனமான ஆளாம் அப்பா" என்றாய். அன்று முழுக்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று, கூட வேலை செய்கிற பெரித்திடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். அந்த மனுசி கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். கதவை இரண்டு தரம் பூட்டிப் பார்க்கிறவன், ஆள் நல்லது சொன்னாலும் ஏன் சொல்கிறான் என்று பார்க்கிறவன் என்று கையாலும் முகத்தாலும் நடித்துக் காட்டினாள். சந்தேகப் பிராணி! கடைசியில் என்னையே விரலால் சுட்டினாள். எனக்கு அந்த அலுவலக மனிதர் மீது கோபம் வரவில்லை. அவர் கண்டதைச் சொன்னார். கோபம் உன் மீதுதான் வந்தது. பத்து வயதுப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து ஒரு சொல்லை மாற்றி வைத்துவிட்டதே என்று. அதை உன்னிடம் நான் கேட்கவே இல்லை. கேட்காமல் உள்ளே வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நீ மொழிபெயர்த்த எதையும் நான் முழுதாக நம்பியதில்லை. உன் வகுப்பு ஆசிரியை ஐந்து நிமிடம் பேசுவார், நீ "நல்லாப் படிக்கிறனாம்" என்று இரண்டு சொல்லில் முடிப்பாய். நான் உன்னை விட்டுவிட்டு ஆசிரியையின் புருவத்தைப் பார்ப்பேன். வைத்தியர் பேசினால் அவருடைய கையைப் பார்ப்பேன். இவ்வளவு காலமும் நான் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

இனி உனக்குத் தெரியாத இன்னொன்று. அம்மருட்டில் இருக்கிற குகன் மாமாவைப் பற்றியது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது எங்களோடு இரண்டு வருடம் இருந்தவன். உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு பனிக்குள் நடந்தவன். அவனுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தபோது, பெண் வீட்டார் பேர்கனிலிருந்து என்னைத் தொலைபேசியில் விசாரித்தார்கள். எங்கள் ஆட்கள் விசாரிப்பது எப்படி என்று உனக்குத் தெரியும். பெடியன் எப்படி என்று கேட்பார்கள். யாரும் கூடாதவன் என்று சொல்லமாட்டார்கள். எல்லாரும் "நல்ல பெடியன்" என்றுதான் சொல்வார்கள். அதை எந்த வேகத்தில் சொல்கிறோம், சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் "நல்ல பெடியன்..." என்று இழுத்துவிட்டு, "தான்" என்றேன். அவ்வளவுதான். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. ஏன் அப்படிச் செய்தேன்? அந்தக் கிழமை அவன் சாப்பாட்டு மேசையில் நாலு பேருக்கு முன்னால் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று பகிடி பண்ணியிருந்தான். வேறு காரணம் கிடையாது. அவனுக்குப் பிறகு வேறு இடத்தில் கலியாணம் நடந்தது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனாலும் அதற்கு ஆறு வருடம் போனது. ஆறு வருடமும் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து போனான், நானும் அம்மா போட்ட தேநீரை அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது யோசித்துப் பார். தொலைபேசியில் சொல்லப்படும் ஒரு நல்ல சொல்லின் பெறுமதி என்னவென்று தெரிந்த மனிதனிடம் நீ வந்து, லண்டனில் ஒருவனை விரும்புகிறேன் என்கிறாய். அங்கே படிக்கப் போன ஒரு வருடத்தில் பழக்கமாம். தாய் தகப்பன் திருகோணமலையாம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் லண்டனாம். சரி, தா தொலைபேசியை என்றேன். "வணக்கம் அங்கிள், சாப்பிட்டீங்களா?" என்றான். திருகோணமலைக்காரனின் மகன் ஏன் சென்னைக்காரன் மாதிரிப் பேசுகிறான்? படம் பார்த்துப் பழகிய தமிழ் என்று நீ சொன்னாய். அந்த இரண்டு சொல்லோடு அவனுடைய தமிழ் முடிந்தது. பிறகு ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசினான், இடையில் சிரித்தான், எதையோ நினைத்து நிறுத்தி மறுபடி பேசினான். நீ என் பக்கம் திரும்பி, "சுகமாம் அப்பா. உங்களையும் சுகமோ எண்டு கேக்கிறார்" என்றாய். இரண்டு நிமிடப் பேச்சு முழுவதும் சுகம் விசாரிப்பா? எனக்கு அந்த அலுவலகமும் கால் எட்டாத கதிரையும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

அதனால்தான் அடுத்த ஞாயிறு உன்னிடம் வந்து, "எனக்குக் கொஞ்சம் இங்கிலீசு சொல்லித் தா பிள்ளை, அந்தப் பெடியனோடை நாலு கதை கதைக்க வேணும்" என்று கேட்டேன். உன் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். கண்டும் நிறுத்தவில்லை. ஊரில் எட்டாம் வகுப்புவரை படித்த ஆங்கிலத்தை நோர்வேஜிய மொழி எப்போதோ விழுங்கிவிட்டது. அந்த நோர்வேஜிய மொழியிலும் நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மூன்று குணச்சொற்களை வைத்துத்தான் காலத்தை ஓட்டுகிறேன். ஏதாவது பிடித்தால் "ஃபீன்த்", பிடிக்காவிட்டால் "கிறெய்த்", மற்றதெல்லாம் "கால்த்", குளிர். நீ அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, "முதல்லை அட்ஜெக்டிவ் படிப்பம் அப்பா. ஒரு ஆள் எப்பிடி எண்டு சொல்ல அதுதான் தேவை" என்றாய். எனக்கும் அதுதானே தேவை! உன் கம்ப்யூட்டரில் அடித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு நிரலாக நாற்பது சொல் எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தமும் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டினாய். இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் கெட்டது. ஒனெஸ்ட், நேர்மையான, அதற்கு எதிரே டிஸ்ஒனெஸ்ட். கைண்ட், இரக்கமான, எதிரே க்ரூவல், கொடுமையான. பேஷன்ட் என்றால் பொறுமையான. லேசி என்றால் சோம்பலான. ஒவ்வொரு சொல்லையும் அதன் எதிரியோடு சோடி சேர்த்து நிறுத்தியிருந்தாய்.

நான் வலப்பக்கத்தை முதலில் பாடமாக்கினேன். உனக்கு அது விளங்கவில்லை. "ஏன் அப்பா கூடாத சொல்லெல்லாம் உங்களுக்குக் கெதியா வருது?" என்று கேட்டாய். அவைதான் கூரான சொற்கள், மண்டையில் குத்தி நிற்கின்றன என்று சமாளித்தேன். இடப்பக்கச் சொற்களில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதலாவதாக அந்த "நைஸ்". தேநீரும் நைஸ், காலநிலையும் நைஸ், சப்பாத்தும் நைஸ், மாப்பிள்ளையும் நைஸ். எல்லா வீட்டுக்கும் போய்வருகிற ஆளை நான் எப்படி நம்புவது? "குவாயட்" என்றால் அமைதியான என்று எழுதியிருந்தாய். அமைதியானவன் என்ன யோசித்துக்கொண்டு அமைதியாக இருக்கிறான் என்பதற்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை. "கான்ஃபிடன்ட்", தன்னம்பிக்கையுள்ள. எதை நம்பி? இப்படி ஒவ்வொன்றாக நான் குறுக்குக் கேள்வி கேட்க, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அப்பா, இது சொல்லு. ஆள் இல்லை. ஏன் சொல்லோடை சண்டை பிடிக்கிறியள்?" என்றாய். உன்னோடு நான் அவ்வளவு நேரம் ஒரே மேசையில் இருந்து சிரித்தது நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு அந்தக் குளிர்காலத்தில்தான்.

அந்த நேரத்தில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் உதாரணம் சொல்ல நீ அவனுடைய வாழ்க்கையிலிருந்து எடுத்தாய். பார்த்ததையும் கேட்டதையும் சந்தோசத்தில் கொட்டினாய். ஜெனரஸ், தாராளமான: அவன் இருக்கிற வீட்டின் கீழ்மாடியில் வீட்டுக்காரக் கிழவி இருக்கிறாள், அவள் ஜெனரஸ். ஸ்ட்ரிக்ட், கண்டிப்பான: அவன் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை ஸ்ட்ரிக்ட். நான் சொற்களைத் தள்ளிவைத்துவிட்டு ஆட்களை எடுத்துக்கொண்டேன். "அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். "ஏனப்பா?" என்றாய். "வாயிலை வருதோ எண்டு சொல்லிப் பாக்கத்தான்" என்றேன். நீ பெயரைச் சொன்னாய். நான் இரண்டு தரம் திருப்பிச் சொன்னேன். நீ "சரியாச் சொல்லுறியள்" என்று கைதட்டினாய். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற வசனங்களில் அது முதலாவது. குகனைப் பற்றிச் சொன்ன அந்த "தான்" இரண்டாவது.

ஷேமா செய்யும் யோசனை எனக்குச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும்போது வந்தது. தொலைபேசியில் விசாரித்தால் இழுப்பார்கள். எங்கள் ஆட்களிடம் விசாரித்தால் ஏதாவது பழைய கணக்கு இருக்கும். வெள்ளைக்காரருக்கு எங்களோடு கணக்கு இல்லை. ஷேமாவில் இழுத்துப் பேசவும் முடியாது. பெட்டியில் அடையாளம் இருக்கும், அல்லது இருக்காது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக என்னைப் பற்றி அவர்கள் நிரப்பச் சொன்னதையெல்லாம் நிரப்பினவன் நான். ஒரு தரம் நானும் நிரப்பச் சொல்லக் கூடாதா? நீ வேலைக்குப் போன நேரம் பார்த்து உன் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டேன். மேலே அவனுடைய பெயர். கீழே நாற்பது சொல், நாற்பது பெட்டி. குளிர்பெட்டிக் கதவைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். நீ எழுதாத இரண்டு சொல்லை அகராதியில் தேடி நானே சேர்த்தேன். ஒன்று குடிகாரன் என்பதற்கு, மற்றது அடிக்கிறவன் என்பதற்கு. அடியில் என் பெயர், விலாசம், கையெழுத்து, எல்லாம் முறைப்படி. அம்மா முத்திரை ஒட்டித் தந்தாள். அவளையும் நீ கொஞ்சம் கோபிக்கலாம். "உதென்ன, கிரிக்கெட் ரீமுக்கு ஆள் எடுக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரியிட்டைக் கடுதாசி போட்டு ஆரேன் மாப்பிள்ளை விசாரிப்பினமோ?" என்றும் சொன்னாள். சொன்னாளே தவிர, மறிக்கவில்லை. அவளுக்கும் அறிய ஆசைதான்.

ஒன்று வீட்டுக்காரக் கிழவிக்கு, ஒன்று தலைமை ஆசிரியைக்கு. கிழவியின் பதில் பத்து நாளில் வந்தது. இடப்பக்கம் முழுக்க அடையாளம், வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. எனக்கு உடனே ஐமிச்சம் பிடித்தது. எந்த மனிதனுக்கு நல்ல குணம் இத்தனை இருக்கும்? பக்கத்தில் நின்று அவனே போடுவித்திருக்கிறானோ? ஓரத்தில் பென்சிலால் ஒரு வசனமும் எழுதியிருந்தாள். உன்னிடம் காட்ட முடியாதே, பெரித்திடம் காட்டினேன். செவ்வாய்க்கிழமை தோறும் கிழவியின் குப்பை வாளியை அவன் வெளியே வைக்கிறானாம், ஒரு நாளும் கேட்க வேண்டி வந்ததில்லையாம். பெரித் "பார்த்தாயா" என்றாள். கேட்காமல் ஒருவன் ஏன் மற்றவளின் குப்பையைத் தூக்குகிறான் என்று நான் ஒரு கிழமை யோசித்தேன்.

மற்றதில் நடந்தது உனக்குத் தெரியும். நடந்தபோது நீ தொலைபேசியின் இந்தப் பக்கம் நின்றாய். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஒருவனின் பெயரை மேலே போட்டு, குடிகாரனா, அடிக்கிறவனா, பொய்யனா என்று பெட்டி பெட்டியாகக் கேட்டு ஒரு தாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் அந்தத் தலைமை ஆசிரியை என்ன நினைப்பார்? யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார். அவன் வேலைக்குச் சேர்ந்து முதல் வருடம், இன்னும் நிரந்தரமாகவில்லை. பாடத்தின் நடுவில் வகுப்பை விட்டு வெளியே அழைத்துவிட்டார்கள். இரண்டு நாள் வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் அந்தக் கண்டிப்பான மனுசிக்கு எங்கள் ஆட்கள் விசாரிக்கிற வழக்கத்தை அவன் எந்தச் சொற்களால் விளங்கப்படுத்தினானோ! நீ சமையலறைக்கு வந்தாய். சத்தம் போடுவாய் என்று பார்த்தேன். நீ குளிர்பெட்டிக் கதவிலிருந்து தாளைக் கழற்றி, நாலாக மடித்தாய். "அப்பா, அவனோடை கதைக்கத்தான் நான் உங்களுக்குச் சொல்லித் தந்தனான்" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ என்னோடு நேரே பேசிய சொல் ஒன்றுமில்லை. காந்தம் மட்டும் இன்னும் கதவில் இருக்கிறது.

நாலு வாரம் கழித்து லண்டனிலிருந்து என் பெயருக்கு ஒரு உறை வந்தது. வக்கீல் கடிதம் என்றுதான் நினைத்தேன். அதனால் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு திறந்தேன். உள்ளே என்னுடைய ஷேமா. தலைமை ஆசிரியை அவனிடமே கொடுத்திருக்கிறார். அவன் அதைத் தானே நிரப்பி, முறைப்படி கையெழுத்தும் வைத்திருந்தான். பொறுமையானவன் என்பதில் அடையாளம். பிடிவாதக்காரன் என்பதிலும் அடையாளம். ஒழுங்கில்லாதவன், ஓம். சோம்பேறி என்பதற்குப் பக்கத்தில் தமிழில் "ஞாயிறு மட்டும்". குடிகாரன் என்ற பெட்டியை விட்டுவிட்டு, "கலியாண வீட்டில் ஒரு கிளாஸ்". எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன, எட்டு வயதுப் பிள்ளையின் கொப்பி மாதிரி. ஒனெஸ்ட் என்ற பெட்டியில் மட்டும் ஒன்றும் போடவில்லை. பக்கத்தில் எழுதியிருந்தான்: "இதை நான் போட்டால் நீங்கள் நம்பமாட்டியள். பிறகு நீங்களே போடுங்கோ. அவசரம் இல்லை." போடுங்கோ! சென்னைத் தமிழ் எங்கே போனது? உன்னிடம் கேட்டு எழுதினானா என்று முதலில் சந்தேகப்பட்டேன். உன்னிடம் கேட்டிருந்தால் எழுத்துப் பிழை மூன்று இருக்காது.

அடியில் இன்னொரு தாள் இருந்தது. என் ஷேமாவின் பிரதி ஒன்று, பெட்டிகள் எல்லாம் வெறுமை. மேலே தன் பெயரை மறைத்துவிட்டு உன் பெயரை எழுதியிருந்தான். குறிப்பு ஒன்றும் இல்லை. மூன்று வாரம் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் வேலைக்குப் போய் வந்தேன். என்னைச் சோதிக்கிறானா? உன்னைப் பற்றி என்னிடமிருந்து ஏதாவது கறக்கப் பார்க்கிறானா? சட்டை தோய்க்கும்போது அம்மா அதைக் கண்டுபிடித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தாள். "இதிலை என்ன யோசினை? பெடியன் நல்ல கேள்விதானே கேட்டிருக்கிறான். அவளைப் பற்றி நீங்கள் ஒரு நாளாவது ஒரு நல்ல சொல்லுச் சொன்னனீங்களோ?" என்றாள். கண்ணூறு பட்டுவிடும் என்றேன். "இருவத்தாறு வயசிலை இனி என்ன கண்ணூறு" என்று எழும்பிப் போய்விட்டாள்.

அது உண்மைதான். பிள்ளையை முகத்துக்கு முன்னால் புகழக் கூடாது என்று நாங்கள் வளர்ந்தோம். நீ வகுப்பில் இரண்டாவதாக வந்தபோது முதலாவது யார் என்று கேட்டேன். நீ பட்டம் எடுத்த அன்று, சேலை நிலத்தில் இழுபடுகிறது என்று சொன்னேன். மற்றவர்கள் உன்னைப் புகழ்ந்தால், ஏன் புகழ்கிறார்கள் என்று பார்த்தேன். வெளியில் இருந்து வரும் கண்ணுக்குப் பயந்து, வீட்டுக்குள் உனக்கு நான் ஒரு நல்ல சொல்லையும் விடவில்லை.

போன சனிக்கிழமை குறொன்லாண்டில் மரக்கறிக் கடையில் குகனைக் கண்டேன். எப்போதும் போல முருங்கைக்காயில் பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்கி என் பையில் போட்டான். அங்கேயே, வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, பேர்கன் தொலைபேசியைப் பற்றி அவனுக்குச் சொல்லிவிட்டேன். அவன் கையிலிருந்த முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டே, "தெரியுமண்ணை. அவை அப்பவே எனக்குச் சொன்னவை" என்றான். பிறகு ஏன் இவ்வளவு காலமும் என் வீட்டுக்கு வந்தாய் என்று கேட்டேன். "அக்காவின்ரை தேத்தண்ணிக்கு" என்று சிரித்தான். இத்தனை வருடமாக எல்லாரையும் வேவு பார்த்த எனக்கு, எனக்கு முன்னாலேயே நின்று ஒருவன் என்னைப் பொறுத்துக்கொண்டிருந்தது தெரியவில்லை. கடைக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் பையோடு நின்றேன். அப்போதுதான் உன் பத்து வயதும் அந்தக் கதிரையும் மறுபடி நினைவுக்கு வந்தன. இவ்வளவு காலமும் நீ என்னிடம் எதை மறைத்தாய் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிலிருந்து என்னை மறைத்தாய் என்று பார்க்கவில்லை.

இரண்டே இரண்டு புத்தி சொல்கிறேன், தகப்பன் எழுதும் கடிதத்தில் அதுகூட இல்லாவிட்டால் எப்படி? அவனைப் பற்றி யாராவது உன்னிடம் ஒரு சொல் கொண்டுவந்தால், நல்ல சொல்லானாலும் கெட்ட சொல்லானாலும், அதை வைத்துக்கொண்டு என்னைப் போல வருடக் கணக்கில் மென்றுகொண்டிருக்காதே. அன்றைக்கே அவனைக் கேள். மற்றது, இனிமேல் எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்காதே. பத்து வயதிலிருந்து அந்த வேலை பார்த்துவிட்டாய், போதும். அவன் என்னைத் திட்டினால் நேரே திட்டட்டும். எனக்கு இப்போது அதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் தெரியும். அவனிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதிவிட்டேன், தமிழில். அகராதி பார்த்து வாசிக்கட்டும். செவ்வாய்க்கிழமைக் குப்பை வாளியில் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன்.

கலியாணத்துக்கு நான் வருவேன். பெரியப்பா உன் கையைப் பிடித்துக் கொடுத்தால், நான் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். நிற்க வேண்டாம் என்றால் கதிரையில் இருக்கிறேன். அந்த நேரத்தில் நீ என் பக்கம் திரும்பினால், இரண்டே அடியில் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிறேன். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

அவன் அனுப்பிய வெறுமையான ஷேமாவை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். அவனுக்கு அனுப்பவில்லை, அது உனக்குச் சேர வேண்டியது. பொறுமையான, அடையாளம் போட்டேன். துணிவான, போட்டேன். பிடிவாதமான என்பதிலும் போட்டேன், அது என்னிடமிருந்து வந்தது. ஒனெஸ்ட் என்ற பெட்டியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். பத்து வயதில், ஒரு அலுவலகத்தில், என் முகத்தைப் பார்த்து நீ ஒரு பொய் சொன்னாய். ஷேமாவில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். அதே பொய்க்காக, இரக்கமான என்று நீ எனக்குப் படிப்பித்த அந்தக் கைண்ட் பெட்டியில் இரண்டு அடையாளம் இருக்கும். பேனை வழுக்கிவிட்டதென்று நினைக்காதே. இரண்டும் நான் போட்டதுதான்.

உன் அப்பா